நீர்முறை வகுத்த விசுவேசுவரய்யா

ஆற்றின் குறுக்கே அணை எழுப்புதல் அரிய செயல். அதனினும் அரிய செயல் ஒன்று உண்டு. அணையில் தேங்கிய நீரைத் தலைமடையில் உள்ள உழவனுக்கும் கடைமடையில் உள்ள உழவனுக்கும் வேறுபாடின்றி, உரிய காலத்தில், உரிய அளவில் கொண்டு சேர்ப்பதே அது. கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு அணையைக் கட்டி முடித்துவிடலாம். நீரைப் பங்கிடுவதற்கோ, அளந்தறியும் அறிவும், அயராத விழிப்பும், எவர்க்கும் வளையாத நேர்மையும் உடைய மக்கள் வேண்டும். அத்தகைய மக்கள் தாமாகத் தோன்றுவதில்லை. அவர்களைப் பயிற்றி உருவாக்குதல் வேண்டும். இவ்வுண்மையை நன்கு உணர்ந்து, நீரைத் தேக்கும் முறை, நீரைப் பங்கிடும் முறை, அப்பணிக்கு உரியாரைப் பயிற்றும் முறை ஆகிய மூன்றிலும் கருத்தைச் செலுத்தி, நூறாண்டு வாழ்ந்த பெரியார் ஒருவர் இந்நாட்டில் இருந்தார். அவரே மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா ஆவார்.

பிறப்பும் கல்வியும்

மைசூர் நாட்டில் சிக்கபள்ளாபுரத்தை அடுத்து முத்தேனஹள்ளி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1861-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் விசுவேசுவரய்யா பிறந்தார். தந்தையார் சீனிவாச சாஸ்திரியார், வடமொழிப் புலமை மிக்கவர். செல்வம் மிக்கவர் அல்லர். மகனுடைய கல்வி முற்றுப்பெறுமுன்னரே அவர் காலமாயினார். குடும்பத்தின் சுமை அன்னையாரைச் சார்ந்தது. வறுமை வந்தது, ஆயினும் கல்வியில் இருந்த வேட்கை குறையவில்லை.

சிக்கபள்ளாபுரத்தில் தொடக்கக் கல்வியை முடித்த இளைஞர், மேற்கல்வியின் பொருட்டுப் பெங்களூரை அடைந்தார். அங்கே மாமன் துணையாயிருந்தார். எனினும் தம் செலவுக்குத் தாமே பொருள் தேட விரும்பி, சிறுவர்களுக்குப் பாடம் கற்பித்து ஊதியம் பெற்றார். பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பயின்று, சென்னைப் பல்கலைக் கழகத்தின் பி.ஏ. பட்டத்தை 1881-இல் பெற்றார். அக்காலத்தில் மைசூர் நாட்டுக் கல்லூரி மாணவர்க்குப் பட்டம் வழங்கியது சென்னைப் பல்கலைக் கழகமே.

பின்னர் மைசூர் அரசாங்கத்தின் உதவித்தொகை பெற்றுப் பூனா அறிவியற் கல்லூரியில் பொறியியல் கற்றார். 1883-இல் நடந்த தேர்வில் முதல்வராகத் தேறினார். அடுத்த ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக அமர்ந்தார். 

முதற்பணி

கற்ற கல்வியைக் களத்தில் சோதித்துக் காட்டும் வாய்ப்பு அவருக்கு விரைவிலேயே வந்தது. கான்தேசப் பகுதியில் பாஞ்சரா என்னும் ஆறு ஓடுகின்றது. பாசனக் கால்வாய் ஒன்றின் நீரை அவ்வாற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. ஆற்றின் அடியிற் குழாய் பதித்து, ஒரு கரையில் இறங்கும் நீர் மறுகரையில் தானே மேலேறுமாறு அமைக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இதனைக் கீழ்க்குமிழி என்று நம்மவர் கூறுவர்.

பணி தொடங்கியதும் மழையும் தொடங்கியது. ஆற்றில் வெள்ளம் வந்து, தோண்டிய இடங்களை மணலால் மூடியது. மழைக்காலம் கழியும் வரை பணியை நிறுத்தி வைக்கலாம் என்று கருதி மேலதிகாரிக்கு எழுதினார். மேலதிகாரியோ அதனை ஏற்கவில்லை. இளம் பொறியாளர் மனம் தளராது மீண்டும் பணியை மேற்கொண்டார், எடுத்ததை முடித்தார். கருதிய காலத்தில் கருமத்தை முடித்தல் வேண்டும் என்னும் உறுதி அன்று அவர் உள்ளத்திற் பதிந்தது. அது வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. சிந்து மாநிலத்துச் சுக்கூர் நகருக்கு ஆற்று நீரைத் தெளிவித்து வழங்கும் பணியையும் பின்னர் அவர் திறம்பட முடித்தார்.

தானே இயங்கும் மதகு

பூனா நகருக்கு அருகில் முட்டா என்னும் ஆற்றைத் தடுத்துக் கட்டிய கடக்வாசலா அணை உள்ளது. அதனால் உண்டான ஏரிக்குப் பைப் ஏரி என்பது அக்காலப் பெயர். பூனா நகருக்கும் அதனை அடுத்த படைவீட்டுக்கும் குடிநீர் தருவதும், இரு கால்வாய்களின் வழியே வயல்களுக்கு நீர் தருவதும் அவ்வேரியே. மக்கள் பெருகினர், வயல்களும் பெருகின. ஏரியில் தேங்கும் நீரோ பெருகவில்லை.

மழைக்காலத்தில் ஏரி நிரம்பியதும், எஞ்சிய வெள்ளம் கலிங்கின் மேல் ஆறு முதல் எட்டு அடி உயரம் வரை புரண்டோடி வீணாகும். கோடையிலோ நீர் போதாமல் மக்கள் இடருறுவர். கலிங்கின் மேல் எட்டடிச் சுவரை எழுப்பி அவ்வெள்ளத்தைத் தடுத்துவிட்டால் ஆகாதோ எனின், ஆகாது. எழுப்பிய சுவருக்கு மேலும் எட்டடி வெள்ளம் ஏறும். அணையையே அது அழித்துவிடும். அணை முழுவதையும் உயர்த்தவோ பெரும்பொருள் வேண்டும். எனவே, வெள்ளம் இல்லாதபோது சுவராய் நிற்கவும், வெள்ளம் வந்தபோது வழிவிட்டு விலகவும் வல்லதோர் அமைப்பு வேண்டியிருந்தது.

மதகுகளை வைத்து ஆட்களைக் கொண்டு திறந்து மூடலாம் என்பது எவர்க்கும் தோன்றக்கூடிய வழி. ஆயின் மலைநாட்டு மழை சொல்லிக்கொண்டு வருவதன்று. நள்ளிரவில் பெய்யும் பெருமழையில், இருளில், பல மதகுகளை ஒருங்கே திறத்தல் எளிதோ? திறக்கத் தாழ்த்தால் அணைக்குக் கேடு. மழை ஓயும் காலத்தில் மூடத் தாழ்த்தால் ஏரி நீர் வடிந்து, ஆண்டு முழுவதும் அவ்விழப்பை ஈடு செய்ய இயலாது. முந்தினும் இழப்பு, பிந்தினும் இழப்பு.

இவற்றையெல்லாம் எண்ணிய விசுவேசுவரய்யா, தானே திறந்து தானே மூடும் மதகு ஒன்றை வகுத்தார். மதகின் எடைக்கு ஈடாக எதிரெடைகளைத் தொங்கவிட்டார். ஏரி நீர் குறித்த மட்டத்தை அடையும் வரை மதகு மூடியே நிற்கும். நீர் அம்மட்டத்தைக் கடந்ததும், அந்நீரின் ஆற்றலாலேயே எடைச் சமநிலை மாறி, மதகு தானே திறந்துகொள்ளும். வெள்ளம் வடிந்து நீர் மட்டம் தாழ்ந்ததும் தானே மூடிக்கொள்ளும். மனிதர் கையும் வேண்டா, நீராவிப் பொறியும் வேண்டா, மின்சாரமும் வேண்டா. தன்னை வெளியேற்றும் கதவை நீரே திறக்கின்றது. தன்னைக் காக்கும் கதவை நீரே மூடுகின்றது. 1903-ஆம் ஆண்டில் இம்மதகுகள் கடக்வாசலாவில் பொருத்தப்பெற்றன. அணையை உயர்த்தாமலே ஏரியில் ஏறத்தாழ எட்டடி நீர் கூடுதலாகத் தேங்கியது.

இம்மதகின் அமைப்புக்கு அவர் காப்புரிமை பெற்றார். ஆயினும் தாம் பணியாற்றும் அரசாங்கத்தின் பணிக்கே அது பயன்பட்டமையால், அதற்குரிய பங்குத்தொகையைக் கொள்ள மறுத்துவிட்டார். பின்னர்க் குவாலியர் நாட்டுத் திக்ரா அணையிலும், மைசூர் நாட்டுக் கிருஷ்ணராஜ சாகரத்திலும் இவ்வகை மதகுகள் அமைந்தன.

கடக்வாசலா அணை பின்னொரு காலத்தில் பெருந்துன்பம் ஒன்றைக் கண்டது. 1961-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12-ஆம் நாள், அதற்கு மேலே புதிதாகக் கட்டப்பெற்று வந்த பான்ஷேத் அணை உடைந்தது. அங்கிருந்து பாய்ந்த வெள்ளத்தைத் தாங்காது கடக்வாசலா அணையும் உடைய, பூனா நகரம் பெருஞ்சேதமுற்றது. பின்னர் அவ்வணை மீண்டும் கட்டப்பெற்றது. பொறி எத்துணைச் சிறந்ததாயினும், அதற்குரிய எல்லையைக் கடந்த வெள்ளத்தை அது தடுக்கவியலாது என்பதும், ஆற்றின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் சேர்த்தே கண்காணித்தல் வேண்டும் என்பதும் இந்நிகழ்ச்சியால் விளங்கும்.

தொகுதிப் பாசனம்

தேக்கிய நீரைப் பங்கிடும் முறையிலும் விசுவேசுவரய்யா ஒரு புதுநெறி கண்டார். தக்காணப் பீடபூமி மழை குறைந்த நிலம். 1899-ஆம் ஆண்டில் மழை பொய்த்துக் கொடிய பஞ்சம் தோன்றிற்று. இத்தகைய நாட்டில் நீரா ஆற்றுக் கால்வாயும் முட்டா ஆற்றுக் கால்வாய்களும் மக்களுக்கு உயிர்நாடிகள் ஆயின. ஆனால் அக்கால்வாய்களின் நீர் எல்லார்க்கும் கிட்டவில்லை.

கரும்பு ஆண்டு முழுவதும் நீரை வேண்டும் பயிர். மிகுந்த பணமும் தரும் பயிர். தலைமடை ஊரார் தம் நிலத்திற் கரும்பைப் பயிரிட்டு, வேண்டிய மட்டும், சிலபோது வேண்டாத மட்டும், நீரைப் பாய்ச்சினர். அளவுக்கு மிஞ்சிப் பாய்ந்த நீர் நிலத்தினுள் இறங்கி, அடிநீரை மேலெழுப்பியது. அதனோடு உவரும் மேலே வந்தது. நீர்தேங்கிய இடங்களிற் கொசு பெருகிக் காய்ச்சல் பரவியது. கடைமடை ஊராரோ கால்வாய்க் கரையில் இருந்தும் நீரைக் காணாது, சோளப் பயிர் வாடுவதைக் கண்டு வருந்தினர். ஒருபுறம் நீர் மிகுந்து நிலம் கெட்டது. மறுபுறம் நீர் இன்றி நிலம் கெட்டது. நீரின் குறையன்று இது, முறையின் குறையே.

விசுவேசுவரய்யா முதலில் முறை வைத்து நீர் விடும் வழக்கத்தைக் கொணர்ந்தார். ஒவ்வொரு மடைக்கும் இத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் என்று வரையறுத்தார். வரையறையின்றி நீர் எடுத்துப் பழகியவர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். செய்தித்தாள்களிலும் கண்டனம் எழுந்தது. அவர் சினங்கொள்ளவில்லை, பின்வாங்கவும் இல்லை. உழவர்களைக் கண்டு, கணக்கைக் காட்டி, உண்மையை விளக்கினார்.

அதன்பின் அவர் வகுத்ததே தொகுதிப் பாசனம் என்னும் முறை. கால்வாய்ப் பரப்பு முழுவதிலும் ஊர்தோறும் நல்ல நிலம் கண்டு, அதனைத் தொகுதிகளாக வரையறுத்தார். தொகுதியில் மூன்றில் ஒரு பங்கிலேயே கரும்பு பயிரிடலாம். எஞ்சிய பங்கில் நீர் குறைவாக வேண்டும் பயிர்களை விளைத்தல் வேண்டும். அடுத்த ஆண்டில் கரும்பு வேறொரு பங்குக்கு மாறும். இவ்வாறு பயிர் சுழன்று வருவதால் மண்ணின் வளம் குன்றுவதில்லை. நீர் பெறும் உரிமை ஆறாண்டுக்கு ஒருமுறை உறுதியாக எழுதித் தரப்படும். ஆண்டுதோறும் அதிகாரியின் வாயிலில் நின்று நீருக்கு விண்ணப்பிக்கும் நிலை இல்லை. இத்தனை ஆண்டு நீர் வரும் என்னும் உறுதி கிடைத்தமையால், உழவன் துணிந்து எருவிட்டு நிலத்தைத் திருத்தினான். அரசாங்கத்துக்கும் வரி நிலையாக வந்தது. இந்திய நாட்டுப் பாசனத்தை ஆராய 1901-இல் அமைக்கப்பெற்ற பாசனக் குழுவின் முன் விசுவேசுவரய்யா தம் கருத்துகளை எடுத்துரைத்தார். அக்குழுவினரும் இம்முறையை நன்கு மதித்தனர்.

கால்வாய் காப்போர்

எழுத்தில் நன்றாயிருக்கும் திட்டம், கால்வாய்க் கரையில் நன்றாயிருக்கும் என்று சொல்லுவதற்கில்லை. அதனை நிறைவேற்றுவோர் யார்? பொறியாளர் அணையருகே இருப்பார். அவர் எழுதிய ஆணையை ஓவர்சியர் கொண்டு செல்வார். இறுதியில் மடையைத் திறப்பவனும் மூடுபவனும் கடைநிலை ஊழியனே. மராட்டிய நாட்டில் அவனைப் பாட்கரி என்பர். தமிழ் நாட்டில் லஸ்கர் என்றும் நீர்க்கட்டி என்றும் கூறுவர். நூறு கல் தொலைவுக் கால்வாயின் நீதி அவன் கையில் உள்ள மதகுச் சாவியைப் பொறுத்தது. அவன் அறியாமையால் தவறினும், அச்சத்தால் தவறினும், ஆசையால் தவறினும் கெடுவது கடைமடை உழவனின் பயிரே.

கால்வாயை இயக்குதல் எளிய தொழில் எனப் பலர் கருதுவர். அஃது உண்மையன்று. கால்வாயில் ஓடும் நீரை ஒரு நொடிக்கு இத்தனை கன அடி என்று அளப்பர். கரையில் நட்ட அளவுகோலில் நீர் இத்தனை அடி நின்றால் இத்தனை கன அடி ஓடுகிறது என்பதை ஊழியன் பார்த்த அளவில் அறிதல் வேண்டும். மதகை எத்தனை அங்குலம் உயர்த்தினால் எவ்வளவு நீர் இறங்கும் என்பதை அறிதல் வேண்டும். தலைமதகில் இன்று விட்ட நீர், கால்வாயின் நீளத்துக்கு ஏற்ப, நாளையோ மறுநாளோதான் கடைமடையை அடையும். ஆதலால், கடைமடையில் முறை தொடங்கும் நாளுக்கு முன்னரே தலைமதகைத் திறத்தல் வேண்டும். கீழே உள்ள மதகுகளைத் திடீரென மூடினால், ஓடிவரும் நீர் போக்கிடமின்றிக் கரையை உடைக்கும். மேலே உள்ள மதகைத் திடீரென மூடி நீரை வற்றச் செய்தால், நனைந்திருந்த கரை சரியும். கூட்டுதலும் குறைத்தலும் மெல்ல மெல்ல நிகழ வேண்டும்.

கணக்கும் இத்தொழிலின் ஓர் உறுப்பே. எந்நாள், எந்நேரம், எம்மடை, எவ்வளவு திறக்கப்பட்டது என்பதை அன்றன்றே எழுதி வைத்தல் வேண்டும். எழுதாத கணக்கு வழக்குக்கு வித்து. உழவர் இருவர் வழக்கிட்டு வந்தபோது, ஊழியனைக் காப்பதும், உண்மையைக் காட்டுவதும் அக்கணக்கே ஆகும். தானே இயங்கும் மதகுக்கும் இவ்விழிப்பு வேண்டும். சங்கிலி துருப்பிடித்தாலும், உருளையில் மண் அடைத்தாலும், தானே இயங்க வேண்டிய மதகு இயங்காது நின்றுவிடும். மனிதனுடைய உழைப்பைப் பொறி குறைக்கும். மனிதனுடைய பொறுப்பை அது குறைப்பதில்லை.

விசுவேசுவரய்யா இவ்வொழுங்கைப் பிறரிடம் எதிர்பார்த்ததோடு அமையவில்லை. தாமே அதற்கு எடுத்துக்காட்டாய் விளங்கினார். குறித்த நேரத்திற்கு ஒரு கணமும் தவறார். சென்று காணாத இடத்தைப் பற்றி முடிவு கூறார். தூய ஆடையும், தெளிந்த எழுத்தும், சுருங்கிய சொல்லும் அவர்தம் அடையாளங்கள்.

கண்ணம்பாடி

1908-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மூசி ஆறு பெருகி ஐதராபாத்து நகரை அழித்தது, பல்லாயிரவர் மாண்டனர். பம்பாய்ப் பணியிலிருந்து விலகியிருந்த விசுவேசுவரய்யாவை ஐதராபாத்து அரசாங்கம் அழைத்தது. வெள்ளத்தை நகருக்கு மேலேயே தேக்கி அடக்குதல் வேண்டும் என்று அவர் திட்டம் வகுத்தார். உசுமான் சாகர், இமாயத் சாகர் என்னும் ஏரிகள் அத்திட்டத்தின் வழியே பிற்காலத்தில் எழுந்தன.

1909-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தம் தாய்நாடாகிய மைசூரின் தலைமைப் பொறியாளர் ஆனார். காவிரி மைசூர் நாட்டின் வழியே ஓடிய போதிலும் அந்நாட்டு வயல்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பயன்படாமல் இருந்தது. சிவசமுத்திர அருவியில் 1902 முதல் மின்சாரம் எடுக்கப்பட்டு, ஏறத்தாழ 90 மைல் தொலைவிலுள்ள கோலார்த் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டது. கோடையில் ஆறு வற்றினால் மின்சாரமும் குன்றும். இரு குறைகளையும் போக்க, கண்ணம்பாடியில் பேரணை ஒன்று கட்ட அவர் திட்டமிட்டார்.

இத்துணைப் பெருஞ்செலவு சிறு நாட்டுக்குத் தகுமா எனப் பலர் ஐயுற்றனர். மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் திட்டத்தை ஆராய்ந்து இசைவளித்தார். 1911-இல் பணி தொடங்கியது. சிமெண்டு கிடைத்தற்கரிய அக்காலத்தில், சுண்ணாம்பும் செங்கற்பொடியாகிய சுர்க்கியும் கலந்த காரையைக் கொண்டே அணை எழுந்தது. பல்லாயிரம் தொழிலாளர் இரவும் பகலும் உழைத்தனர். நீர் தேங்கும் பரப்பிலிருந்த ஊர்களின் மக்கள் தம் வீட்டையும் வயலையும் விட்டு வேறிடம் சென்றனர். பிறருடைய வாழ்வுக்காக அவர்கள் செய்த தியாகமும் இவ்வணையின் அடித்தளத்தில் உள்ளது. ஏறத்தாழ 130 அடி உயரமும், 49 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மில்லியன் கன அடி கொள்ளளவும் உடைய அவ்வணைக்கும் ஏரிக்கும் கிருஷ்ணராஜ சாகரம் என்பது பெயர்.

காவிரி ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கீழே தஞ்சைத் தரணியின் நெல்வயல்கள் அந்நீரையே நம்பியிருந்தன. எனவே அணையின் உயரம் பற்றியும் கொள்ளளவு பற்றியும் சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் வழக்கு எழுந்தது. நெடுநாட் பேச்சுக்குப் பின் 1924-இல் இரு அரசாங்கங்களும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்பின் 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. வழக்கு மட்டும் அதனோடு முடியவில்லை. நடுவர் மன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது. அதனைச் சிறிது மாற்றி 2018-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தலைமடை, கடைமடை என்னும் வழக்கு ஒரு கால்வாய்க்கு மட்டுமன்றி ஓர் ஆறு முழுவதற்குமே உண்டு. நீரை அளந்து கணக்கு வைப்பதன் அருமை இதனாலும் புலப்படும்.

கிருஷ்ணராஜ சாகரத்திலிருந்து புறப்பட்டு, குன்றைக் குடைந்த சுரங்கவழியே சென்று, மாண்டியா வட்டாரத்தை அடையும் கால்வாய் பின்னர் வெட்டப்பட்டது. இர்வின் கால்வாய் என முதலில் வழங்கிய அது, விசுவேசுவரய்யா கால்வாய் எனப் பின்னர்ப் பெயர் பெற்றது. வறண்டு கிடந்த மாண்டியா பசுமை பூண்டது. 1933-இல் அங்கே சர்க்கரை ஆலையும் எழுந்தது.

கல்விப் பணி

1912-இல் விசுவேசுவரய்யா மைசூரின் திவான் ஆனார். அணையும் ஆலையும் எழுப்பினால் மட்டும் போதாது. அவற்றை நடத்த வல்லாரை நாட்டிலேயே உருவாக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அயல்நாட்டாரை அழைத்து வந்து பொறியை நிறுவலாம். என்றும் அவர்களையே நம்பியிருத்தல் ஒரு நாட்டுக்கு அழகன்று. ஆதலின் 1913-இல் எப்பாளத்தில் வேளாண்மைப் பள்ளி தோன்றியது. 1916-இல் மைசூர்ப் பல்கலைக் கழகம் நிறுவப்பெற்றது. 1917-இல் பெங்களூரில் பொறியியற் கல்லூரி ஒன்று தொடங்கப்பெற்றது. அக்கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. உழவன் மகனும் தொழிலாளி மகனும் கைத்தொழிலை முறையாகக் கற்கும் வண்ணம் தொழிற்பள்ளிகளும் பெருகின.

கொள்கை வேறுபாட்டால் 1918-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் திவான் பதவியைத் துறந்தார். எனினும் ஓய்வு கொள்ளவில்லை. நட்டத்தில் நடந்த பத்திராவதி இரும்பாலையின் தலைமையை 1923-இல் ஏற்று அதனை நிலைபெறச் செய்தார். அப்பணிக்காகத் தமக்கு வரவேண்டிய ஊதியத்தைத் தாம் கொள்ளாது, பெங்களூரில் தொழிற்கல்வி நிலையம் ஒன்று அமைவதற்கு உதவினார். நாட்டின் பொருளாதாரத்தைத் திட்டமிட்டு வளர்த்தல் வேண்டும் என்று 1934-இல் ஒரு நூல் எழுதினார். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும், பீகாரில் கங்கையாற்றுப் பாலம் அமைய வேண்டிய இடத்தை ஆராயும் பணியை ஏற்று, நேரிற் சென்று பார்வையிட்டார். 1955-இல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பாரத ரத்னா விருதை அளித்தது. 1962-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவர் இயற்கை எய்தினார். அவர் பிறந்த நாளாகிய செப்டம்பர் 15 பொறியாளர் நாளாக நாடெங்கும் கொண்டாடப்படுகின்றது.

அவர் காட்டிய வழி

விசுவேசுவரய்யா தொடங்கிய நெறி அவரோடு நின்றுவிடவில்லை. கால்வாயை வெட்டுவோர்க்கு மட்டுமன்றி, அதனை இயக்குவோர்க்கும் தனிப்பயிற்சி வேண்டும் என்பதைப் பிற்காலத்தார் உணர்ந்தனர். அவர் பணியாற்றிய மராட்டிய நாட்டில், 1980-இல் அவுரங்காபாத்தில் நீர் நில மேலாண்மை நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. கருநாடகத்தில் தார்வாரிலும், தமிழ் நாட்டில் திருச்சிராப்பள்ளியை அடுத்த துவாக்குடியிலும் அத்தகைய பயிற்சி நிலையங்கள் எழுந்தன. பொறியாளரும் உழவரும் ஆங்கே பாசன மேலாண்மையைக் கற்கின்றனர்.

கடக்வாசலாவில் எதிரெடை செய்த வேலையை இன்று சில கால்வாய்களிற் கணிப்பொறி செய்கின்றது. கருநாடகத்தில் கிருஷ்ணையாற்றின் நாராயணபுரம் இடதுகரைக் கால்வாய் புதுப்பிக்கப்பெற்று, 2023 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் மதகுகளைத் தொலைவில் உள்ள ஓர் அறையிலிருந்தே அளந்து, திறந்து, மூட இயலும். நீர்மட்டத்தை உணரும் கருவி செய்தியை அனுப்ப, அதற்கேற்ப மதகு அசைகின்றது. கருவி மாறியது, கருத்து மாறவில்லை. உரிய நேரத்தில், உரிய அளவில், உரியவனுக்கு நீர் என்பதே அன்றும் இன்றும் கருத்து.

ஆயினும் உணர்கருவியின் மேல் சேறு படிந்தால் அது பொய் கூறும். மின்சாரம் தடைப்பட்டால் மதகு நின்றுவிடும். அப்போது கையால் மதகை இயக்க அறிந்தவனும், கரையில் நடந்து அளவுகோலைப் பார்க்கக் கூசாதவனும் வேண்டும். நள்ளிரவில் எவரும் காணாதபோதும், கடைமடையில் காத்திருக்கும் உழவனை நினைந்து, கணக்கைப் பிழையின்றி எழுதுபவன் வேண்டும். அறிவும் பயிற்சியும் ஒழுக்கமும் ஒருங்கே வாய்ந்த அத்தகைய ஊழியனே கால்வாயின் முதன்மையான மதகு. அவனை உருவாக்குவதே கல்வி. ஏழைச் சிறுவராய்ப் பிறர்க்குப் பாடம் கற்பித்துத் தாமும் கற்று, நூறாண்டு அயராது உழைத்த விசுவேசுவரய்யாவின் வாழ்க்கை, இளைஞர் ஒவ்வொருவரும் அக்கல்வியைப் பெறுதற்குத் தூண்டுகோலாய் என்றும் விளங்கும்.